பேப்பரில் ஒழுங்காக ஓடும் கை டேப்லட்டில் ஏன் தடுமாறுகிறது?

கரிக்கோல்

வணக்கம். சிறுவர் கதைகளுக்குப் படம் போடுகிறவள் நான். இதுவரைக்கும் எல்லாமே பேப்பர்தான். பென்சிலில் ரஃப், அதற்கு மேல் தொட்டு எழுதும் நிப், இண்டியன் இங்க். நிழல் முழுக்க ஹாட்சிங் (நெருக்கமான சின்னக் கோடுகள்), வாஷ் (கரைத்த மைப்பூச்சு) கிடையாது. இப்போது பதிப்பகத்தில் லேயரோடு ஃபைல் கேட்கிறார்கள். யானை தனி, மரம் தனி என்று இருந்தால்தான் அட்டைக்கு ஒரு மாதிரி, உள்பக்கத்துக்கு ஒரு மாதிரி நகர்த்தி வைக்க முடியுமாம். நியாயம்தான். திரை இல்லாத, நடுத்தர அளவு (மீடியம்) டேப்லட் ஒன்று வாங்கி, கிரிட்டா என்ற வரையும் மென்பொருளைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வட்டம் போட்டால் படுத்த முட்டையாக வருகிறது. நீளக் கோடு நடுங்குகிறது. கண் திரையில், கை மேஜையில். பேனாவை எங்கே வைத்தால் கோடு எங்கே தொடங்கும் என்பதே பிடிபடவில்லை. ஹாட்சிங் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

இது பழகப் பழகச் சரியாகிவிடுமா? டேப்லட்டே மட்டமா? இல்லை, திரை உள்ளதாகத்தான் வாங்கியிருக்க வேண்டுமா? (அதன் விலையைப் பார்த்துவிட்டுத்தான் இதை வாங்கினேன்.)

சும்மா வந்தவன்

முட்டை வந்தா பெரிய விஷயம்க்கா. எனக்கெல்லாம் பூசணிக்காதான் வந்துச்சு.

ஃப்ரேம்24

கையைக் குறை சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எத்தனை மானிட்டர் மாட்டியிருக்கீங்க?

கரிக்கோல்

14 இஞ்ச் லேப்டாப், பக்கத்தில் 24 இஞ்ச் மானிட்டர். படம் போடுவது பெரியதில்.

ஃப்ரேம்24

முட்டைக்குக் காரணம் அதான். மேப்பிங்கை, அதாவது டேப்லட்டோட எந்த இடம் திரையோட எந்த இடம்ங்கிறதை, நாம மாத்தாத வரைக்கும் டேப்லட் ரெண்டு திரைக்கும் சேர்த்துப் பரவிக்கும். ரெண்டுமே 1920க்கு 1080ன்னா, சேர்ந்து 32:9. டேப்லட்ல வரையிற இடம் பெரும்பாலும் 16:10. வாகாம் இன்டுவோஸ் மீடியம்னா 216க்கு 135 மில்லிமீட்டர், மத்ததும் ஏறக்குறைய அந்த அளவுதான். அதை 32:9க்கு இழுத்தா அகலவாட்டுல ரெண்டு மடங்குக்கு மேல நீளும். உங்க கை வட்டம்தான் போடுது, டேப்லட்டோட டிரைவர் மென்பொருள் பிடிச்சு இழுக்குது.

டிரைவரைத் திறந்து, மேப்பிங்ல பெரிய மானிட்டரை மட்டும் தேர்ந்தெடுங்க. அதோட நிறுத்தாதீங்க. 16:10ஐ 16:9 மேல போட்டாலும் அகலம் ஒரு பத்து, பதினோரு சதவீதம் கூடித்தான் வரும். இது முட்டை மாதிரி பளிச்சுன்னு தெரியாது, முகம் லேசா உப்பின மாதிரி இருக்கும், ஏன்னு புரியாது. 'ஃபோர்ஸ் புரோபோர்ஷன்ஸ்'னு ஒரு டிக் இருக்கும், சில டிரைவர்ல வேற பேரா இருக்கலாம். அதைப் போட்டா உயரத்துல 13 மில்லிமீட்டர் போல வீணாகும். போகட்டும்.

அப்படியே விண்டோஸ்ல பென் செட்டிங் போய், பேனாவை அழுத்திப் பிடிச்சா ரைட் கிளிக் ஆகுற வசதியை நிறுத்துங்க. பேனா முனையைச் சுத்தி ஒரு வளையம் வரும் பாருங்க, அதுதான். கோட்டோட தொடக்கத்தையே கெடுக்கும். அப்புறமும் தொடக்கம் வெட்டுப்பட்டா, கிரிட்டா செட்டிங்ல டேப்லட் பக்கத்துல விண்டோஸ் இங்க்லேருந்து வின்டேபுக்கு (பேனாவைப் படிக்கிற ரெண்டு வழி) மாத்தி, மூடித் திறந்து பாருங்க. ரெண்டுல ஒண்ணு உங்க மிஷினுக்கு ஒத்துப்போகும்.

கரிக்கோல்

வட்டம் வந்துவிட்டது! இதைப் பெட்டியோடு வந்த தாளிலேயே ஒரு வரி போட்டிருக்கலாம். நடுக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது.

ஃப்ரேம்24

நடுக்கம் கையோடதா டேப்லட்டோடதான்னு பார்த்துடலாம். பிளாஸ்டிக் ஸ்கேலை (இரும்பு வேண்டாம்) டேப்லட் மேல சாய்வா வெச்சு, அதை ஒட்டி ரொம்ப மெதுவா ஒரு கோடு இழுங்க. அப்பவும் அலை அலையா வந்தா டேப்லட் கோளாறு, மலிவான சிலதுல சாய்வுக் கோட்டுல இது நடக்கும். நேரா வந்தா டேப்லட் மேல குத்தம் இல்ல.

கரிக்கோல்

நேராகத்தான் வருகிறது. ஆக, கை.

பழைய பிரஷ்

கை என்று அவ்வளவு சீக்கிரம் முடிவு கட்டாதீர்கள் அம்மா. நான் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் படித்தவன். கம்ப்யூட்டருக்கு ரொம்பப் பிந்தித்தான் வந்தேன். எனக்கு இது புரிவதற்கு ஸ்கேலும் கால்குலேட்டரும் தேவைப்பட்டன.

24 இஞ்ச் மானிட்டரின் அகலம் ஏறக்குறைய 53 சென்டிமீட்டர். டேப்லட்டில் உங்கள் கை நடமாடும் அகலம் 21.6. அதாவது கை ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் திரையில் இரண்டரை மில்லிமீட்டர் அசையும். பேப்பரிலும் உங்கள் கை இதே அளவு நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. எல்லோர் கையும் நடுங்கும். அதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். சின்ன டேப்லட் என்றால் இன்னும் மோசம், மூன்றரை மடங்கு.

இதற்கு மேல் ஜூம் என்று ஒன்று இருக்கிறது. பேப்பரில் கை நகரும் அளவும் கண் பார்க்கும் அளவும் ஒன்று. இங்கே இரண்டும் தனித்தனி. எந்த ஜூமில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கை ஒரு நாள் தபால்தலை வரைகிறது, ஒரு நாள் சுவரொட்டி வரைகிறது. நிப் பிடித்துப் பழகிய விரலுக்கு இதுதான் பெரிய குழப்பம்.

நான் கண்டுபிடித்த வழி இது. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், உங்கள் டேப்லட்டின் அகலமும் ஏறக்குறைய அதுவே. அப்படியானால் ஏ4 பக்கத்தின் அகலம் திரையின் அகலத்தை முழுக்க அடைத்து நிற்கும்படி ஜூம் வைத்தால், கை நகரும் தூரம் பேப்பரில் நகர்வதற்குச் சமமாகிவிடும். 300 டிபிஐ (இஞ்சுக்கு 300 புள்ளி) ஃபைலாக இருந்தால் அது 75 சதவீதம் பக்கம் வரும். அந்த ஜூமில் மட்டுமே இங்க் வேலை செய்யுங்கள். கோடு நன்றாக இருக்கிறதா என்பதை அங்கே வைத்துத் தீர்மானிக்காதீர்கள். 30 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள், உங்கள் மானிட்டரில் ஏறக்குறைய அச்சு அளவு அதுதான். நீங்கள் அழித்து அழித்துத் திருத்திய நடுக்கத்தில் பாதிக்கு மேல் அங்கே இருக்காது.

சும்மா வந்தவன்

300, 400 சதவீதம் வெச்சு ஒரே கண் இமையை அரை மணி நேரம் திருத்துற கோஷ்டில நானும் ஒருத்தன் சார். இப்ப என்னைத்தான் சொல்றீங்கன்னு தோணுது.

வடலி

வணக்கம் அக்கா. நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதிறன். பள்ளிப் புத்தகங்களுக்குப் படம் கீறுறனான். இரண்டு விசயம் சொல்லுறன்.

கொப்பியில எழுதேக்க நாங்கள் அதைக் கொஞ்சம் சரிச்சு வைக்கிறது வழமை. அதே பழக்கத்தில டேப்லட்டையும் சரிச்சு வைப்பம். அப்பிடி வைச்சால் கை நேரா இழுத்தாலும் திரையில கோடு சரிவாப் போகும், கண் அதைத் திருத்தச் சொல்லும், கை திருத்தப் போய்த் தள்ளாடும். டேப்லட்டைத் திரைக்கு நேர் நடுவில, ஓரம் ஓரத்துக்குச் சமாந்தரமா வையுங்கோ. கீபோர்டைத் தூக்கி இடது பக்கம் வையுங்கோ. தாளைத் திருப்பிக் கீறிப் பழகின ஆள் எண்டால் திரையில உள்ள படத்தைத் திருப்புங்கோ. கிரிட்டாவில 4 ஐ அமத்தினால் இடப்பக்கம் 15 பாகை, 6 வலப்பக்கம், 5 பழைய நிலைக்கு வரும்.

மற்றது ஒரு பயிற்சி. உங்கட பழைய பென்சில் படம் ஒண்டை, மெல்லிய தாளில இருக்கிறதாப் பார்த்து, டேப்லட்டுக்கு மேல ஒட்டுங்கோ. திரையைப் பார்க்காமல், தாளைப் பார்த்தே பேனாவால அதுக்கு மேல கீறுங்கோ. பேனாவும் டேப்லட்டும் காந்தப் புலத்தாலதான் கதைக்குது, இடையில ஒரு தாள் இருந்தால் அதுக்கு ஒண்டும் இல்லை. கீறி முடிச்சாப் பிறகு நிமிர்ந்து பாருங்கோ. உங்கட கோடு உங்கட கோடாத்தான் இருக்கும். கை கெட்டுப் போகேல்லை எண்டு கண்ணால கண்டால் பயம் போயிரும்.

கரிக்கோல்

வடலி, செய்து பார்த்தேன். நிஜமாகவே என் கோடு! அப்படியானால் இப்படியே தாளை ஒட்டி ஒட்டியே வரைந்துவிட்டால் என்ன?

வடலி

செய்யலாம், ஆனால் நிறம் பூசேக்க, அழிக்கேக்க எல்லாம் திரையைப் பார்க்கத்தானே வேணும். மற்றது தாள் பேனா முனையை நல்லாத் தின்னும். நான் வெறுந்தாள் ஒண்டைச் சும்மா பிடிமானத்துக்கு ஒட்டி வைச்சிருக்கிறன், பிளாஸ்டிக் வழுக்கிறது குறையும். முனை சப்பையானால் மாத்துறன். சப்பை முனையோட தொடர்ந்து கீறினால் டேப்லட்டில தடம் விழும்.

மைக்கறை

எல்லோரும் கணக்கு சொல்கிறீர்கள். மூல காரணத்தை வடலிதான் போகிற போக்கில் தொட்டார்: வழுக்கல்.

இரும்பு நிப் பேப்பரைக் கவ்விக்கொண்டு போகும். மேல்நோக்கித் தள்ளினால் குத்தும், கீழ்நோக்கி இழுத்தால் பிளந்து மை இறங்கும். அந்த எதிர்ப்புதான் கை நடுக்கத்தை விழுங்குகிறது. நிப்காரர்கள் கோட்டைக் கண்ணால் மட்டும் போடுவதில்லை, விரல் நுனிக்கு வரும் அதிர்வையும் கேட்டுப் போடுகிறார்கள். பிளாஸ்டிக் மேல் பிளாஸ்டிக் ஓடும்போது விரலுக்கு எந்தச் செய்தியும் வராது. பால்பாயிண்ட்காரர்களும் மார்க்கர்காரர்களும் சீக்கிரம் மாறிவிடுகிறார்கள், நிப்காரர்கள் திண்டாடுகிறார்கள். நான் பார்த்தவரை அப்படித்தான்.

கோட்டின் நடுக்கத்தைத் தானே திருத்தும் ஸ்டெபிலைசரைப் போட்டுக்கொள் என்று அடுத்து யாராவது சொல்வார்கள். வேண்டாம். வழவழவென்று ஒரு கோடு வரும். யார் போட்டாலும் அதே கோடுதான் வரும்.

ஃப்ரேம்24

சொல்லத்தான் வந்தேன், முந்திக்கிட்டீங்க. :)

ஸ்டெபிலைசர்னா ஒரே பொருள் இல்லண்ணே. கிரிட்டால பேசிக், வெயிட்டட், ஸ்டெபிலைசர்னு மூணு தனித்தனியா இருக்கு. நீங்க திட்டுறது கடைசி ஆளை. அதுல கோடு பேனாவுக்குப் பின்னாடி இழுபட்டு வரும், சின்னக் கோடெல்லாம் முடியுற இடத்துக்கு முன்னாடியே நின்னுடும். ஹாட்சிங்குக்கு அது ஆகாது, ஒத்துக்கிறேன். ஆனா பேசிக் வெறும் சொரசொரப்பை மட்டும் எடுக்கும். நீங்களே சொன்னீங்க, பேப்பரோட எதிர்ப்பு நடுக்கத்தை விழுங்குதுன்னு. இங்க அந்த எதிர்ப்பு இல்லாததால அதே வேலையை மென்பொருள்கிட்ட கொஞ்சம் குடுக்குறோம். யானை முதுகு மாதிரி நீள வளைவுக்கு வெயிட்டட், மத்ததுக்கு பேசிக். இதுல என்ன பாவம்?

மைக்கறை

பாவம் இல்லை தம்பி. ஆனால் பேப்பர் எதிர்க்கும்போது என் கைக்குத் தெரியும். மென்பொருள் திருத்தும்போது கைக்குத் தெரியாது. தெரியாத திருத்தத்தில் கை எதையும் கற்றுக்கொள்ளாது. கண்ட்ரோல் இசட்டும் அதே ரகம். சரியாக வரும்வரை அதே வளைவைப் பத்துத் தரம் போட்டு, பத்தையும் அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நிப்பில் இரண்டாம் வாய்ப்பு கிடையாது. அதனால் முதல் கோட்டுக்கு முன்னால் ஒரு நிதானம் இருந்தது.

ஃப்ரேம்24

அனிமேஷன்ல வந்து அந்த நிதானத்தைக் காட்டுங்கண்ணே, புரொடக்‌ஷன்ல இருந்து ஆள் வந்து பின்னாடி நிப்பாங்க.

பழைய பிரஷ்

இருவரும் சொல்வதில் ஒன்று விட்டுப்போகிறது. கை எதையும் பழகிக்கொள்ளும், பழகுகிற பொருள் மாறாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். 1890களில் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற உளவியலாளர் உலகத்தைத் தலைகீழாகக் காட்டும் லென்ஸை மாட்டிக்கொண்டு நாள்கணக்கில் நடமாடிப் பார்த்தார். முதலில் ஒரு பொருளை எடுக்கக்கூட முடியவில்லை. சில நாளில் கை தானாகவே சரியான பக்கம் போகத் தொடங்கியது. லென்ஸை மணிக்கொரு தரம் மாற்றியிருந்தால் அது நடந்திருக்குமா?

நம் ஆட்கள் செய்வது அதுதான். காலையில் ஒரு மேப்பிங், மாலையில் ஒரு அழுத்த வளைவு (எவ்வளவு அழுத்தினால் கோடு எவ்வளவு தடிக்கும் என்ற அமைப்பு), அடுத்த நாள் யூடியூபில் யாரோ சொன்ன புது பிரஷ். கை எதைத்தான் பழகும்? பெட்டியில் 8192 அழுத்த நிலை என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதில் ஒன்றுமில்லை. அழுத்த வளைவு உங்கள் கைக்கு ஒத்துப்போகிறதா என்பதுதான் விஷயம். நிப்காரர் என்றால் அழுத்தம் குறைவாகத்தான் இருக்கும், எனவே மென்மைப் பக்கம் வையுங்கள். பால்பாயிண்டில் அமுக்கி எழுதியவர் கடினப் பக்கம். ஒரு தரம் வைத்துவிட்டுச் சில வாரம் தொடாதீர்கள். அதுவரை மவுஸையும் எடுத்து உள்ளே வையுங்கள். மெயில் பார்ப்பது, ஃபைல் நகர்த்துவது எல்லாம் பேனாவால்தான். ஐகானைக் குறிவைத்துத் தொடுவதைவிட நல்ல பயிற்சி இல்லை. பேனா முனை டேப்லட்டைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் போல மேலே நிற்கும்போதும் அம்புக்குறி நகரும். தொடுவதற்கு முன் எங்கே இருக்கிறோம் என்று கண் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் காலத்தில் லைஃப் கிளாஸில் பேப்பரைப் பார்க்காதே, உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார் என்பார்கள். கண் ஆள் மேல், கை கீழே தானாக ஓட வேண்டும். அந்தப் பழக்கம் உள்ளவர்களுக்குத் திரையில்லாத டேப்லட் பெரிதாகப் பயம் காட்டுவதில்லை. கற்பனையில் இருந்து, முனையையே பார்த்துப் பார்த்து வரைகிறவர்களுக்குத்தான் நாள் பிடிக்கிறது.

சும்மா வந்தவன்

1964லயே அமெரிக்காவுல ராண்ட் ஆராய்ச்சி நிறுவனத்துல பத்து இஞ்சுக்குப் பத்து இஞ்ச் டேப்லட் ஒண்ணு செஞ்சிருக்காங்க. கை கீழ, கண்ணு திரையில, அப்பவே அதே கதைதான். அறுபது வருஷமா இதே புலம்பல்தான் போல.

கரிக்கோல்

திரை உள்ள டேப்லட் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. அதில் இந்தப் பாடெல்லாம் இல்லைதானே?

வடலி

நான் கொஞ்ச நாள் பாவிச்சனான். தொடங்கிறது சுகம், கை எங்க வைக்கிறமோ அங்கதான் கோடு. ஆனால் மலிவான சிலதில கண்ணாடிக்கும் படத்துக்கும் இடைவெளி இருக்கும், முனை ஒரு இடம், கோடு கொஞ்சம் தள்ளி. மற்றது, குனிஞ்சு குனிஞ்சு கழுத்துப் பிடிச்சிட்டுது. சூடு வேற. இப்ப திரும்பவும் இதுக்கே வந்திட்டன். நிமிர்ந்து இருக்கிறன், என்ர கை படத்தை மறைக்காது. காசு இருக்கிற ஆக்கள் வாங்கட்டும், கூடாதெண்டு சொல்லேல்லை.

ஃப்ரேம்24

எங்க ஸ்டூடியோல ரெண்டு வகையும் இருக்கு. கலர் பண்றவங்க பெரும்பாலும் திரை இல்லாததுதான் கேக்குறாங்க. கிளீன்அப் ஆட்கள், அதாவது ரஃப் மேல சுத்தமான கோடு போடுறவங்க, திரையுள்ளதை விட மாட்டாங்க. இங்க் வேலைக்குத் திரை உதவும்ங்கிறது உண்மைதான்.

கரிக்கோல்

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், அடுத்து வருகிறவர்களுக்கு உதவும். மேப்பிங், நேராக வைத்த டேப்லட், மேலே ஒரு வெள்ளைத் தாள், பக்க அகலத்துக்கு ஜூம், பேசிக் மட்டும் (மைக்கறை சார் மன்னிக்கணும்). மவுஸ் அலமாரிக்குள் இருக்கிறது. வெளிக்கோடு இப்போது பயமில்லாமல் வருகிறது. கலர் பூசுவதில் பேப்பரைவிட வேகமாகவே இருக்கிறேன். ஒரு வானத்தை மூன்று நிறத்தில் மாற்றி மாற்றிப் பார்ப்பது பெரிய சுகம்.

ஹாட்சிங் மட்டும் வரவில்லை. இடைவெளி சீராக விழவில்லை, கோட்டின் வால் கூராக முடியவில்லை, மொத்தத்தில் உயிர் இல்லை.

பழைய பிரஷ்

ஹாட்சிங்கில் கை மணிக்கட்டை ஊன்றி ஒரே திசையில் ஆடுகிறது. அந்தத் திசை ஒவ்வொருவருக்கும் ஒன்று. பேப்பரில் தெரியாமலே தாளைத் திருப்பி அதைப் பிடித்துக்கொள்வோம். வடலி சொன்ன 4, 6 விசைகளை ஒவ்வொரு நிழல் திட்டுக்கும் முன்னால் பயன்படுத்திப் பாருங்கள். வால் கூராவதற்குக் கோட்டின் கடைசியில் பேனாவை நிறுத்தாமல் ஓட்டத்திலேயே தூக்க வேண்டும்.

மைக்கறை

நான் வேறு சொல்கிறேன். அதை ஏன் அங்கே செய்ய வேண்டும்? பதிப்பகம் லேயர்தானே கேட்டது, டேப்லட்டில் வரைந்ததாகச் சத்தியமா கேட்டது? வெளிக்கோட்டை வெளிர் நீலத்தில் பிரிண்ட் எடுங்கள். லைட் பாக்ஸில் (அடியில் விளக்கு எரியும் பெட்டி) வைத்து, மேலே நல்ல கார்ட்ரிட்ஜ் பேப்பர் போட்டு, ஹாட்சிங்கை மட்டும் நிப்பில் போடுங்கள். ஸ்கேன் செய்தால் அது ஒரு லேயர். யானைக்கு ஒரு தாள், மரத்துக்கு ஒரு தாள். பட்டர் பேப்பர் வேண்டாம், மை ஈரத்தில் நெளிந்து அளவு தப்பும்.

ஃப்ரேம்24

இதுல அண்ணன் கட்சிதான் நானும். நாலு மூலையிலயும் கூட்டல் குறி போட்டு பிரிண்ட் எடுங்க. ஹாட்சிங் தாள்லயும் அந்தக் குறியை நிப்பாலயே போட்டுக்குங்க. அப்பதான் ஸ்கேன் பண்ணினதும் ஒண்ணு மேல ஒண்ணு உட்காரும். போன்ல போட்டோ எடுக்காதீங்க, ஓரம் வளையும். ஸ்கேனர்ல 600 டிபிஐ, கிரேஸ்கேல். ஃபைல் 300ல இருந்தா, ஸ்கேனைப் பாதியாக் குறைச்சு உள்ள கொண்டு வாங்க.

கரிக்கோல்

வெள்ளைப் பின்னணியை எப்படி எடுப்பது? வெள்ளை தெரியாமல் கலக்கும் மல்டிப்ளையில் போட்டால் போதுமா?

ஃப்ரேம்24

பார்க்கிறதுக்கு மல்டிப்ளை போதும். ஆனா அவங்க யானையை வேற பின்னணில வெச்சுப் பார்ப்பாங்கல்ல, அப்ப வெள்ளை ஒட்டிக்கிட்டே வரும். முதல்ல லெவல்ஸ்ல பேப்பர் சாம்பலை வெள்ளையாக்குங்க, மையைக் கறுப்பாக்குங்க. அப்புறம் ஃபில்டர்ல 'கலர் டு ஆல்ஃபா', வெள்ளையைக் குடுத்தா கோடு மட்டும் நிக்கும். யானையோட வெளிக்கோடு, கலர், ஹாட்சிங் மூணையும் ஒரே குரூப்புக்குள்ள போட்டு அனுப்புங்க. ஆனா அனுப்புறதுக்கு முன்னாடி அவங்களுக்கு என்ன ஃபார்மட் வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. கிரிட்டால பிஎஸ்டியா (ஃபோட்டோஷாப் ஃபைல்) சேவ் பண்ணலாம், ஆனா சில எஃபெக்ட் அந்தப் பக்கம் திறக்கும்போது மாறும். கூடவே ஒரு டிஃப் (TIFF) படம் வெச்சு அனுப்பினா எது சரியான நிறம்னு அவங்களுக்குத் தெரியும்.

வடலி

அக்கா, லைட் பாக்ஸ் இல்லாட்டி யன்னல் கண்ணாடியும் காணும். பகலில மட்டும்.